சித்தியின் டெபியன்: ஒரு மடிக்கணினி, இரண்டு வருடம், நாலு அப்டேட் முடிவுகள்

சித்தி மொழிபெயர்ப்பாளர். நாள் முழுக்க லிப்ரேஆபீஸ் ரைட்டரில்தான் வேலை, தமிழ்99 விசைப்பலகையில் நல்ல வேகம், கணினி என்றால் ஆர்வம் உண்டு, தொட்டால் கெட்டுவிடுமோ என்ற பயம் கிடையாது. 2023 செப்டம்பரில் அவருடைய மடிக்கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து 2025 செப்டம்பர் வரை அந்த ஒரே கணினியில் அப்டேட் விஷயத்தில் நாங்கள் என்னென்ன முடிவு எடுத்தோம், எது சரியாக வந்தது, எது கையைச் சுட்டது என்று தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். திறமூல இயங்குதளம் ஒன்றைப் புதிதாகப் போட்டுவிட்டு, இதைத் தானாக அப்டேட் ஆக விடலாமா, நாமே உட்கார்ந்து செய்ய வேண்டுமா, எப்போதும் புதுசையே வாங்கிக்கொண்டிருக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது உதவும்.

டெபியன் போட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நான் பல வருடமாக அதைத்தான் ஓட்டுகிறேன். புதியவர் ஒருவருக்குக் கோளாறு வந்தால் யாரைக் கூப்பிடுவாரோ, அந்த ஆள் ஓட்டுகிற டிஸ்ட்ரோவையே (லினக்ஸ் வகையையே) போட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

முதலில் டெபியனின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஒரு மென்பொருளின் புதுப் பதிப்பு முதலில் 'அன்ஸ்டேபிள்' என்ற கிளைக்குள் வரும், இதற்கு 'சிட்' என்று செல்லப் பெயர். அங்கே சில நாள் (வழக்கமாக 2 முதல் 10 நாளுக்குள்) பெரிய பிழை எதுவும் பதிவாகாமல் இருந்தால் 'டெஸ்டிங்' கிளைக்கு நகரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போல டெஸ்டிங்கில் புது வரவை நிறுத்தி, பிழைகளைக் களைந்து, அதையே 'ஸ்டேபிள்' என்று வெளியிடுவார்கள். 2023 ஜூன் 10 அன்று வெளிவந்த டெபியன் 12-க்குப் பெயர் புக்வார்ம். அடுத்து வந்த 13-க்கு ட்ரிக்ஸி. ஸ்டேபிள் வெளியான பிறகு அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்பு எண் பெரும்பாலும் நகராது, பாதுகாப்புத் திருத்தமும் மோசமான பிழைகளுக்கான திருத்தமும் மட்டும் வந்துகொண்டிருக்கும். அந்தத் திருத்தங்களையெல்லாம் திரட்டி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போல 12.1, 12.2 என்று விடுவார்கள். மூன்று வருடம் முழு ஆதரவு, அதன்பின் நீண்டகால ஆதரவு என்று இன்னும் இரண்டு வருடம்.

ஸ்டேபிள் என்ற சொல்லைப் பழுதே இல்லாதது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். டெபியனில் அதற்கு மாறாதது என்று பொருள். சித்தியிடம் இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லாமல் விட்டேன், அதன் விலை பின்னால் தெரிந்தது.

முதல் முடிவு: தானாக நடக்கட்டும்

அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பொதியைப் (டெபியனில் மென்பொருள்கள் வரும் கட்டுக்குப் பொதி என்று பெயர்) போட்டு இயக்கிவிட்டேன். தினமும் காலை ஆறு மணிக்குமேல் ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் அது ஓடும் (உலகத்திலுள்ள எல்லாக் கணினியும் ஒரே நொடியில் சர்வர் கதவைத் தட்டக் கூடாது என்பதற்காக நேரத்தைக் கலைத்து வைத்திருக்கிறார்கள்), அப்போது கணினி அணைந்திருந்தால் அடுத்துத் திறக்கும்போது ஓடும். டெபியனில் அதன் இயல்பான அமைப்பு பாதுகாப்புத் திருத்தங்களோடு 12.1, 12.2 மாதிரியான திரட்டு வெளியீடுகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். அதை அப்படியே விட்டேன். புதியவர் ஒருவர் அப்டேட் செய்யவே மறந்துபோவதுதான் எனக்குத் தெரிந்த பெரிய ஆபத்து, ஆகவே அன்று அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

2023 டிசம்பர் 9, சனிக்கிழமை. டெபியன் 12.3 வெளியாக வேண்டிய நாள். பொதிகள் சர்வர்களுக்குப் போய்விட்டன, நிறுவுவதற்கான வட்டுப் படிமங்கள் வரவில்லை. காரணம், அதிலிருந்த 6.1.64 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் தரவையே கெடுக்கக்கூடிய பிழை ஒன்று இருந்தது. கெர்னலின் 6.1 வரிசைக்குள் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள், அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய இன்னொரு மாற்றத்தைக் கூடவே கொண்டுவரவில்லை. யாரும் இப்போதைக்கு அப்கிரேடு செய்ய வேண்டாம், தானியங்கி அப்டேட் வைத்திருப்பவர்கள் கவனமாக இருங்கள் என்று டெபியனே அறிவித்தது. சித்தியின் கணினி தானியங்கியில் இருந்தது.

உடனே கூப்பிட்டேன். டெர்மினலைத் திறந்து 'யுனேம் -ஆர்' அடிக்கச் சொன்னேன், இப்போது ஓடும் கெர்னல் எது என்று அது காட்டும். 6.1.0-13 என்று வந்தது. அப்பாடா என்று இருந்தது. கோளாறான கெர்னலுக்கு 6.1.0-14 என்று பெயர். அது காலையிலேயே வட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது, ஆனால் கணினியை மறுபடி துவக்கினால்தானே கெர்னல் மாறும்? சித்தி எப்போதும் மூடியை மட்டும் சாத்திவிட்டு எழுந்து போகிறவர், ஒரு வாரமாகக் கணினியை அணைக்கவே இல்லை.

"சித்தி, நாளைக்கு நான் சொல்ற வரைக்கும் ஆஃப் பண்ணாதீங்க, ரீஸ்டார்ட்டும் வேணாம்."

"ஸ்டேபிள்னு சொல்லித்தானடா போட்ட? இப்ப ஆஃப் பண்ணாதேங்கிற?"

மறுநாள் டிசம்பர் 10 அன்று 12.4 வந்துவிட்டது, 6.1.66 கெர்னலோடு. 6.1.0-15 நிறுவப்பட்டதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, 14-ஐ நீக்கிவிட்டு, மறுபடி துவக்கச் சொன்னேன். தற்செயலாக அவர் சனிக்கிழமையே துவக்கியிருந்தாலும் வழி இருந்தது: கணினி துவங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போனால் பழைய 13-ம் அங்கேயே இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துத் துவக்கலாம். கெர்னல் விஷயத்தில் டெபியன் பழையதை உடனே தூக்கிப் போடுவதில்லை. அப்டேட் பற்றி யோசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான், போன வழியில் திரும்பி வர முடியுமா என்பதை.

அந்தச் சனிக்கிழமை சித்தியிடம் சொன்ன சமாதானம் போதவில்லை. "இதெல்லாம் எப்பவாவதுதான் நடக்கும்" என்றேன். சொல்லியிருக்க வேண்டியது வேறு. பிழை எல்லா இடத்திலும் வரும். ஸ்டேபிளை உலகம் முழுக்க எத்தனையோ சர்வர்கள் ஓட்டுவதால் அது சீக்கிரம் கண்ணில் பட்டது, எச்சரிக்கை அன்றைக்கே வந்தது, மருந்து மறுநாளே வந்தது, நடுவில் பழைய கெர்னல் பத்திரமாக இருந்தது. இதைச் சொல்லியிருந்தால் அவர் அடுத்த முடிவை எடுத்திருக்க மாட்டார். அவர் மனதில் பதிந்தது, "ஸ்டேபிள்லயும்தான் கெடுது, அப்புறம் ஏன் பழைய சரக்கையே வச்சிருக்கணும்" என்பதுதான். நியாயமான கேள்வி, பதில் சொல்ல நான் பக்கத்தில் இல்லை.

இரண்டாவது முடிவு: ஒரு சொல்லை மாற்றினால் போதும்

புக்வார்மில் இருந்தது லிப்ரேஆபீஸ் 7.4. வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பும் கோப்புகளில் ஓரக் குறிப்புகள் இடம் மாறித் தெரிந்தன, புதிய பதிப்பில் அது சரியாகிவிட்டது என்று யாரோ சித்தியிடம் சொல்லியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு வீடியோவைப் பார்த்து, பொதிகளை எந்தக் கிளையிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்து, 'புக்வார்ம்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'டெஸ்டிங்' என்று மாற்றி, தானியங்கி அப்டேட்டையும் நிறுத்திவிட்டு, 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு' என்று இரண்டு கட்டளைகளை ஓட்டிவிட்டார் (டெபியனில் பொதிகளை நிறுவுவதும் அகற்றுவதும் ஆப்ட் என்ற நிரல்தான்). ஒரு மணி நேரம் இறக்கியது, நிறுவியது, மறுபடி துவங்கியது. எல்லாம் வேலை செய்தது. புதிய ரைட்டர் வந்துவிட்டது, ஓரக் குறிப்புகள் ஒழுங்காகத் தெரிந்தன. ஒரு வாரம் கழித்துச் சந்தோஷமாகச் சொன்னார்.

நானும் சரி, நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிட்டேன். இந்த ஆய்வில் என் பங்குக்கு நடந்த பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அந்த ஒரு சொல் மாற்றத்தில் இரண்டு விஷயங்கள் கைவிட்டுப் போயின. முதலாவது, பாதுகாப்புத் திருத்தம் வரும் வழி. ஸ்டேபிளுக்கென்று டெபியனில் பாதுகாப்புக் குழு ஒன்று இருந்து நேரடியாகத் திருத்தம் அனுப்புகிறது. டெஸ்டிங்குக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, திருத்தம் முதலில் அன்ஸ்டேபிளுக்கு வந்து, காத்திருந்து, அங்கிருந்து இறங்கி வர வேண்டும், நடுவில் ஏதாவது சிக்கிக்கொண்டால் அது வாரக்கணக்கில் நின்றுவிடும். பேரில் டெஸ்டிங் நடுவில் இருப்பதால் பாதுகாப்பிலும் நடுவில் இருக்கும் என்று தோன்றும். பல நேரம் அன்ஸ்டேபிளுக்கு வந்த திருத்தம்கூட இதற்கு வந்திருக்காது.

இரண்டாவது, திரும்பும் வழி. டெஸ்டிங்கிலிருந்து ஸ்டேபிளுக்குத் திரும்பிப் போவதை டெபியன் ஆதரிப்பதில்லை. கோப்பில் சொல்லை மறுபடி 'புக்வார்ம்' என்று மாற்றிவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆகாது. ஒவ்வொரு பொதியும் நிறுவப்படும்போது தன் அமைப்புக் கோப்புகளையும் தரவுகளையும் புதிய வடிவுக்கு மாற்றிக்கொள்ளும். புதியதைப் பழையதாக மாற்றும் வேலையை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆகவே போவதற்கு ஒரு சொல் போதும், வருவதற்கு முழுவதும் அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டும்.

அரை நொடி

2024 மார்ச் 29, வெள்ளிக்கிழமை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், டெபியன் சிட் ஓடும் கணினியில் வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் வழியாக (தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் வழி அது) உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட நேரம் ஆவதைக் கவனித்தார். 0.3 நொடியில் முடிய வேண்டியது 0.8 நொடி எடுத்தது. அந்த அரை நொடியைச் சும்மா விடாமல் தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டம் போட்டு ஒரு பின்வாசல் வைத்திருப்பது தெரியவந்தது. வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்குமேல் அந்தத் திட்டத்தில் உழைத்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்பாளர் பொறுப்புக்கே வந்தவர். இதன் அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து.

டெபியன் அன்றைக்கே அறிவிப்பு வெளியிட்டது. டெஸ்டிங், அன்ஸ்டேபிள் கிளைகளில் பாதிக்கப்பட்ட பதிப்புகள் இருக்கின்றன, ஸ்டேபிளில் இல்லை. புக்வார்மில் இருந்தது 5.4.1. புதுசாக இல்லாததால் அது தப்பித்தது.

சித்தியின் கணினியில் 5.6 வரிசை இருந்தது. அந்தப் பின்வாசல் எஸ்எஸ்ஹெச் சர்வர் வழியாகத்தான் திறக்கும், அவருடைய கணினியில் சர்வர் பொதி நிறுவப்படவே இல்லை, ஆகவே தெரிந்த வழியில் யாரும் உள்ளே வந்திருக்க முடியாது. இதை உறுதிப்படுத்த எனக்கு அன்று இரவு இரண்டு மணி நேரம் ஆனது, அதுவரை கணினியை இணையத்திலிருந்து பிரித்து வைக்கச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு வேலையை அனுப்ப வேண்டிய நாள் அது.

திருத்தம் வந்ததும் போடச் சொன்னேன். சித்தி கண்ணில் பட்டது பதிப்பு எண். "என்னடா இது, 5.6.1 பிளஸ் ரியலி 5.4.5னு எழுதியிருக்கு? எது நிஜம்?"

அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் முழு விஷயமும் அந்த எண்ணில் இருக்கிறது. ஆப்ட் எப்போதும் பெரிய எண்ணைத்தான் புதுசு என்று எடுத்துக்கொள்ளும். 5.6.1 இருக்கும் கணினிக்கு 5.4.5-ஐ அனுப்பினால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே 5.4.5-க்குள்ளிருக்கும் நிரலை எடுத்து, அதற்கு 5.6.1-ஐவிடப் பெரியதாகத் தெரியும் ஒரு பெயரைப் போட்டு அனுப்பினார்கள், உண்மையில் உள்ளே இருப்பது 5.4.5 என்று தெரியும்படி நடுவில் 'ரியலி' என்று எழுதி. டெபியனை உருவாக்குகிறவர்களுக்கே பின்னால் போக வழி இல்லை, முன்னால் போவதுபோல் பெயர் வைத்துத்தான் பின்னால் போக முடிந்தது. சித்தி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் மட்டும் எப்படித் திரும்பிப் போறது?" என்று கேட்டார். அன்றைக்கே மறுபடி நிறுவியிருக்க வேண்டும். வேலை நெருக்கடி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டோம்.

அகற்றப்படுபவை என்ற பட்டியல்

அந்த வேலையில் நாங்கள் இறங்குவதற்குள் டெஸ்டிங்கில் டி64 மாற்றம் இறங்கிவிட்டது. நேரத்தை 32 பிட் எண்ணாக வைத்திருக்கும் கணினிகளில் 2038 ஜனவரி 19 அன்று அந்த எண் நிரம்பி வழியும், அதற்காக டெபியன் தன் நூலகப் பொதிகளை 64 பிட் நேரத்துக்கு மாற்றியது. மாறிய நூலகங்களுக்குப் பெயரின் கடைசியில் 'டி64' என்று சேர்த்தார்கள், நூற்றுக்கணக்கான பொதிகளுக்கு. சித்தியின் 64 பிட் கணினியில் நேரம் ஏற்கெனவே 64 பிட்தான், அவருக்கு இதில் மாறுவது பெயர் மட்டும். ஆனால் பெயர் மாறினால் ஆப்ட் கணக்கில் பழையதை அகற்றிப் புதியதைப் போடுவது என்று அர்த்தம்.

மே மாதம் ஒரு காலை, வழக்கம்போல 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு'. திரை நிறைய 'பின்வரும் பொதிகள் அகற்றப்படும்' என்ற பட்டியல். பெரும்பாலும் லிப் என்று தொடங்கும் பெயர்கள், எல்லாவற்றுக்கும் டி64 வாலோடு மாற்று வந்துகொண்டிருந்தது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவே, மாற்று இல்லாமலே போகிற சில பெயர்களும் இருந்தன. அன்றைய நிலையில் அவை சார்ந்திருந்த நூலகங்கள் இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை, ஆப்ட்டுக்குத் தெரிந்த தீர்வு அவற்றைத் தூக்குவது. சித்தி 'ஒய்' அடித்தார். நூறு பெயருக்குமேல் ஓடும் பட்டியலை யார் வரிவரியாகப் படிப்பார்?

மறுபடி துவக்கியபோது வந்தது கறுப்புத் திரை, இடது மேல் மூலையில் கணினியின் பெயர், பக்கத்தில் 'லாகின்:'.

தொலைபேசியில்தான் சரி செய்தோம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடிக்கச் சொன்னேன், உள்ளே போனது, பாதி நிம்மதி. அப்புறம் வார் கோப்புறையில் லாக், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஹிஸ்டரி.லாக். லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரே ஒரு கோப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளை, எது நிறுவப்பட்டது, எது அகற்றப்பட்டது என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசிப் பதிவில் 'ரிமூவ்:' என்ற வரிக்குப் போய் ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொன்னேன். சித்தி வாசித்தார், நான் எழுதிக்கொண்டேன். நாற்பதாவது பெயருக்குமேல் ஜிடிஎம்3 வந்தது, அதுதான் உள்நுழைவுத் திரை. கொஞ்சம் தள்ளி ஜினோம்-கோர், அதுதான் டெஸ்க்டாப். அதற்கும் தள்ளி ஐபஸ்-எம்17என், அவருடைய தமிழ்99 விசைப்பலகை அதற்குள்தான் இருக்கிறது. மூன்றையும் மறுபடி நிறுவச் சொன்னபோது முதல் முறை ஆப்ட் முடியாது என்றது, மாலையில் சர்வரில் மிச்சப் பொதிகள் வந்து சேர்ந்த பிறகு அதே கட்டளை மறுப்பேதும் இல்லாமல் ஓடியது. பகல் முழுக்க அவருக்கு வேலை போனது.

இதில் டெஸ்டிங் கிளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கிளை இருப்பதே இந்த மாதிரி மாற்றங்கள் நடப்பதற்காக. அங்கே இருந்துகொண்டு பட்டியலைப் படித்து, பிழையைப் பதிவு செய்து, நாலு நாள் பொறுத்திருக்கும் ஆட்கள் தேவை, அவர்களால்தான் ஸ்டேபிள் நன்றாக வருகிறது. மாதக் கடைசியில் கோப்பு ஒப்படைக்க வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு அது இடம் கிடையாது, அவ்வளவுதான்.

மூன்றாவது முடிவு: திரும்பி வருவது

மூன்று வழிகள் இருந்தன. அப்படியே டெஸ்டிங்கில் தொடரலாம். அல்லது சோர்சஸ்.லிஸ்ட்டில் 'டெஸ்டிங்' என்பதை 'ட்ரிக்ஸி' என்று மாற்றிவிட்டுக் காத்திருக்கலாம். இரண்டும் அன்றைக்கு ஒரே பொதிகளைத்தான் தரும், ஆனால் ட்ரிக்ஸி ஸ்டேபிளாக வெளியாகும் நாளில் 'ட்ரிக்ஸி' என்று எழுதியவர் அதிலேயே தங்கிவிடுவார், 'டெஸ்டிங்' என்று எழுதியவர் மறுநாளே அதற்கடுத்த பதிப்பின் குழப்பத்துக்குள் போய்விடுவார். தெரியாமல் டெஸ்டிங்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது நல்ல வழி, தேவைப்படுவது பொறுமைதான். (இதே காரணத்துக்காகத்தான் 'ஸ்டேபிள்' என்ற சொல்லையும் அந்தக் கோப்பில் எழுதக் கூடாது, பதிப்பின் பெயரை எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பதிப்பு வெளியான நாளில் சொல்லாமல் கொள்ளாமல் பெரிய அப்கிரேடு வந்து நிற்கும்.) ஆனால் ட்ரிக்ஸி எப்போது வரும் என்று அன்று யாருக்கும் தெரியாது, இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்று தோன்றியது. மூன்றாவது வழி, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு 12-ஐ மறுபடி நிறுவுவது.

வேலையை ஒப்படைக்கும்வரை பத்து நாள் எதையும் தொடவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 12-ஐப் போட்டோம், இந்த முறை வீட்டுக் கோப்புறைக்கு வட்டில் தனிப் பகிர்வு (பார்ட்டிஷன்). ஆவணங்களை மட்டும் கொண்டுவந்தோம். புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டோம், அவற்றில் இருப்பது புதிய பதிப்புகள் எழுதிய அமைப்புகள், பழைய பதிப்பு அதைப் படித்துக் குழம்பும்.

ஓரக் குறிப்புப் பிரச்சினைக்கு விடை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. ஃப்ளாட்பேக். எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும்படி மென்பொருளைத் தனிக்கட்டாகத் தரும் முறை அது. அதற்கான இணையக் கிடங்கான ஃப்ளாட்ஹப்பிலிருந்து புதிய லிப்ரேஆபீஸை மட்டும் நிறுவினோம். தனக்கு வேண்டிய நூலகங்களைத் தானே கொண்டுவரும், கீழே இருக்கும் டெபியனைத் தொடாது, பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் நீக்கிவிடலாம். வட்டில் கூடுதல் இடம் பிடிக்கும், அது ஒன்றுதான் குறை. தமிழ்99 அதற்குள் வேலை செய்யுமா என்று எனக்குப் பயம் இருந்தது. செய்தது. ஒரே ஒரு மென்பொருள் புதுசாக வேண்டும் என்பதற்காக இயங்குதளம் முழுவதையும் நகர்த்தினோம் என்பது அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்குமே உறைத்தது. புதியவர்கள் கிளை மாறுவதற்குச் சொல்லும் காரணங்களைக் கேட்டுப் பாருங்கள், பத்தில் பெரும்பாலானவை ஒரே ஒரு மென்பொருளைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அப்டேட் முறையையும் மாற்றினோம். தானியங்கியில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 12.6, 12.7 மாதிரித் திரட்டு வெளியீடு வந்தால் ஒரு வாரம் பொறுத்து, சித்தியே கையால் 'ஆப்ட் அப்கிரேடு' ஓட்டுவார். 'அப்கிரேடு' எதையும் அகற்றாது, 'ஃபுல்-அப்கிரேடு' அகற்றும், ஆகவே இரண்டாவதை என்னிடம் பேசாமல் ஓட்டுவதில்லை என்று ஓர் ஒப்பந்தம். டைம்ஷிஃப்ட் வாரம் ஒருமுறை கணினிப் பகுதியின் பிரதி எடுக்கும். அது இயல்பாக வீட்டுக் கோப்புறையை எடுக்காது, பலர் அதை மறந்துவிடுகிறார்கள், ஆவணங்களுக்குத் தனியாக வெளி வட்டு ஒன்று வைத்தோம்.

வேறு டிஸ்ட்ரோ வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விகள்தான், விடை கொஞ்சம் மாறும். உபுண்டு நீண்டகால ஆதரவுப் பதிப்பில் இருப்பவருக்கு அடுத்த நீண்டகாலப் பதிப்புக்கான அழைப்பு முதல் திரட்டு வெளியீட்டுக்குப் பிறகுதான் வரும், அந்தத் தாமதம் நல்லதற்கே. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 13 மாதம் போல ஆதரவு, ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது பெரிய அப்கிரேடு நிச்சயம். ஆர்ச்சில் பாதி அப்டேட் என்பதே கிடையாது, செய்தால் முழுவதும், அதற்கு முன் அவர்கள் வெளியிடும் செய்தியைப் படித்தாக வேண்டும். ஓபன்சூசேயில் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை போட்டிருந்தால் ஒவ்வோர் அப்டேட்டுக்கும் முன் ஸ்னாப்பர் தானாகப் பிரதி எடுத்துவிடும், கெட்டுப்போனால் துவக்கப் பட்டியலிலிருந்தே நேற்றைய நிலைக்குப் போகலாம். ஃபெடோரா சில்வர்புளூவும் முந்தைய நிலையை அப்படியே வைத்திருக்கும். அடிக்கடி புதுசு வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிற புதியவருக்கு நான் இந்தக் கடைசி இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன், ஏனென்றால் திரும்பும் வழி அதிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

நான்காவது முடிவு: 13

2025 ஆகஸ்ட் 9 அன்று ட்ரிக்ஸி வந்தது. அன்றைக்கே போடலாமா என்று இந்த முறை சித்தி கேட்கவில்லை. "ஒரு மாசம் போகட்டும்டா" என்றார். செப்டம்பர் 6 அன்று 13.1 வந்தது, அதற்கடுத்த வாரம் உட்கார்ந்தோம்.

வெளியீட்டுக் குறிப்பு என்று டெபியன் ஒன்று எழுதும். நீளமானது, யாரும் படிப்பதில்லை. சித்தி படித்துவிட்டு வந்திருந்தார், ஒரு தாளில் மூன்று விஷயம் குறித்திருந்தார்: 12-லிருந்துதான் 13-க்குப் போக முடியும், 11-லிருந்து நேராகத் தாவ முடியாது. பூட் பகிர்வில் போதுமான காலி இடம் இருக்கிறதா பார்க்க வேண்டும். டெம்ப் கோப்புறை இனி நினைவகத்தில் இருக்கும், அதில் பெரிய கோப்புகளைப் போட்டு வைக்கக் கூடாது.

வரிசை இதுதான். 12-ஐ முழுதாக அப்டேட் செய்தோம், ஆவணங்களை வெளி வட்டில் எடுத்தோம், டைம்ஷிஃப்ட்டில் ஒரு பிரதி. சோர்சஸ்.லிஸ்ட்டில் 'புக்வார்ம்' என்பதை 'ட்ரிக்ஸி' என்று மாற்றினோம், 'ஆப்ட் அப்டேட்', அப்புறம் புதிய பொதி எதையும் சேர்க்காமல் ஒரு 'ஆப்ட் அப்கிரேடு', அதற்கும் அப்புறம்தான் 'ஃபுல்-அப்கிரேடு'. நடுவில் ஒரு கேள்வி வந்து நின்றது: நீங்கள் மாற்றிய அமைப்புக் கோப்பு இது, பொதியோடு வந்த புதியதைப் போடவா, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா? தானியங்கி அப்டேட்டின் கோப்பு, பாதுகாப்பு மட்டும் என்று நான் திருத்தியது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும் வழியும் அங்கேயே இருக்கும், பார்த்தோம், எங்களுடையதையே வைத்துக்கொண்டோம். ஒன்றும் அடிக்காமல் என்டர் தட்டினாலும் பழையதுதான் இருக்கும், அந்த இயல்பு விடையை யார் வைத்தார்களோ அவர்களுக்கு நன்றி.

மறுபடி துவங்கி 6.12 கெர்னலோடு வந்தது. உள்நுழைவுத் திரை இருந்தது, தமிழ்99 இருந்தது, ரைட்டரைத் திறந்து ஓர் ஓரக் குறிப்பு போட்டுப் பார்த்தார்.

கடைசியாக 'ஆப்ட் ஆட்டோரிமூவ்', இனித் தேவைப்படாத பொதிகளை அகற்றும் கட்டளை. 13-இல் வரும் ஆப்ட் 3.0 பட்டியலை வரிசை பிரித்துக் காட்டும், அகற்றப்படுபவை சிவப்பில் வரும். பைதான் 3.11 சம்பந்தப்பட்ட பெயர்கள், பழைய நூலகங்கள், ஒரு திரைக்குமேல் ஓடியது. நான் 'ஒய்' அடிக்கக் கை நீட்டினேன். சித்தி கையைத் தள்ளிவிட்டு, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பெயரிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.